கோடு எங்கே தொடங்குகிறது

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இருக்கிறபடி இருக்கிறோம். உன் வயிற்றெரிச்சல் தேவலையா? வெறும் டீயிலேயே நாளை ஓட்டாதே.

இந்தக் காலத்தில் போய்க் கடிதமா என்று தபால் ஆபீசில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். காரணத்தைச் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன். போன மாதம் நீ போனில் பேசியபோது ஸ்பீக்கரில் உன் குரல் அப்பா காதில் விழுந்துவிட்டது. எழுந்து போய் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். "சின்னவன் குரல் கேட்டுது. தெருமுனைக்கு வந்துட்டான்" என்றார். வெயில் இறங்கும்வரை நின்றார். உள்ளே கூட்டிவர என்னால் முடியவில்லை. அதனால் போன் வேண்டாம். காகிதத்துக்குக் குரல் கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். கணக்குப் பரீட்சைக்கு மறுபடி பெயர் கொடுத்திருக்கிறேன். மற்ற பாடமெல்லாம் எப்போதோ தேறியாயிற்று. இது ஒன்றுதான் சேலையில் ஒட்டிய முள் மாதிரி கூடவே வருகிறது. பள்ளி இறுதிச் சான்றிதழ் இருந்தால்தான் ஆஸ்பத்திரியில் என்னை உதவியாளரிலிருந்து டெக்னீஷியன் ஆக்குவார்கள். ஆக்கினால் நாள் முழுக்க நின்றுகொண்டு கத்தரிக்கோலும் இடுக்கியும் கழுவ வேண்டாம். உட்கார்ந்து, கருவிகளை நீராவியில் சுத்தம் செய்கிற மெஷினைப் பார்த்துக்கொள்ளலாம். இந்த வருடம் விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். முழங்கால் ஏற்கெனவே தாண்டிவிட்டது.

மூன்றாம் பாடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். சுழல் தசமம். 0.272727… என்று நிற்காமல் போகிற எண்ணை, சுழல்கிற இலக்கங்களுக்கு மேலே ஒரு கோடு போட்டுக் கொடுத்து, பின்னமாக்கச் சொல்கிறான். முடியவே முடியாத ஒன்றை மேலே ஒரு எண், கீழே ஒரு எண் என்று எப்படியடா அடக்குவது? புத்தகத்தில் நாலே வரியில் முடித்துவிட்டான். இரண்டாம் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் நடுவில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பாவுக்கு இப்போது மூன்றே கேள்விதான். "மழையா?" "சாப்பிட்டாச்சா?" "சின்னவன் வந்துட்டானா?" முதல் இரண்டும் பஸ் ஓட்டிய காலத்து மிச்சம். வண்டியை எடுக்கும் முன் கண்டக்டரிடம் கேட்பாராம். மூன்றாவது உன்னைப் பற்றியது. மூன்றுக்கும் பதில் சொன்னதும் மறுபடி முதலிலிருந்து. மேலே ஒரு கோடு போட வேண்டியதுதான் பாக்கி. இதற்கும் பின்னம் ஏதாவது உண்டா, கணக்கு வாத்தியாரே?

உன் பதில் பார்த்திருக்கும்,
அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்கா,

நலம். வயிறு பழையபடி. அப்பாவை விசாரித்ததாகச் சொல்.

டியூஷன் சென்டரில் இதே பாடத்தை இந்த வாரம் ஐந்து பேட்சுக்கு எடுத்தேன். ஐந்தாவதில் வாய் பேசிக்கொண்டிருந்தது. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பாடத்துக்கு ஒரு ஜோக் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பேட்சிலும் அதே இடத்தில் சொல்வேன். அதே இடத்தில் சிரிப்பார்கள். உனக்கு ஜோக் இல்லாமல் எழுதுகிறேன்.

எண்ணுக்கு x என்று பெயர் வை.

x = 0.272727…

சுழல்வது இரண்டு இலக்கம். எனவே நூறால் பெருக்கு. புள்ளி இரண்டு இடம் தள்ளிப் போகும்.

100x = 27.272727…

இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிப் பார். புள்ளிக்குப் பின்னால் இரண்டிலும் ஒரே வால். முடிவில்லாததுதான். ஆனால் ஒரே மாதிரி முடிவில்லாதது. பெரியதிலிருந்து சிறியதைக் கழி. வாலோடு வால் போய்விடும்.

99x = 27
x = 27/99 = 3/11

இரண்டாம் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் நடுவில் நடந்தது இதுதான். முடிவில்லாததை யாரும் எண்ணி முடிக்கவில்லை. அதைச் சற்றே நகர்த்தி அதன் பக்கத்திலேயே நிறுத்தினார்கள். அவ்வளவு.

அப்பாவின் கேள்விகளுக்குப் பின்னம் தெரியவில்லை. சின்னவன் சீக்கிரம் வருவான் என்று சொல்லி வை. இங்கே மாதிரித் தேர்வுகள் முடியட்டும், பார்க்கலாம்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

தம்பி


மார்ச் 29

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் வந்தது. இங்கே சுகம் என்றே வைத்துக்கொள். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை எழுதவே இல்லை.

வாலோடு வால் போய்விட்டது! மெஷினுக்குள் கருவித் தட்டுகளை அடுக்கிவிட்டு நீராவி ஏறும்வரை நிற்கிற நேரத்தில், கருவிகளைச் சுற்றுகிற தாளின் ஓரத்தில் போட்டுப் பார்த்தேன். 0.454545… என்றால் 5/11. 0.777… என்றால் 7/9. சூப்பர்வைசரம்மா பின்னால் வந்து நின்றதே தெரியவில்லை.

"என்னடி, சர்ஜனுக்கு லவ் லெட்டரா?"

"இல்லம்மா. பின்னம்."

"ஏன், வாழ்க்கையில முழுசா ஒண்ணுமே கிடைக்கலையா உனக்கு?"

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். நன்றாகத்தான் சொன்னாள்.

ஆனால் 0.8333… கழுத்தை அறுக்கிறது. இரண்டு விதமான இலக்கம் இருக்கிறதே என்று நூறால் பெருக்கி, கீழே 99 வைத்து, 83/99 என்று எழுதினேன். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் 5/6 என்கிறான். 83ஐ 99ஆல் வகுத்துப் பார்த்தால் 0.838383… என்று வருகிறது. எட்டு திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது. அது ஒரு தரம்தான் வரவேண்டும் என்று எனக்கும் புரிகிறது. கை கேட்க மாட்டேன் என்கிறது. இந்த வீட்டில் ஒரே ஒரு தரம் வருவது என்று எது இருக்கிறது, சொல். காலையில் செய்ததைத்தான் மாலையில் செய்கிறேன். கழுவிய கத்தரிக்கோலைத்தான் மறுநாளும் கழுவுகிறேன். அந்தப் பழக்கத்தில் கோட்டை எல்லா இலக்கத்துக்கும் மேலே இழுத்துவிடுகிறேன். எழுதிவிட்டுப் பார்த்தால் அதுவே சரி மாதிரியும் இருக்கிறது.

நீ சீக்கிரம் வருவாய் என்று அப்பாவிடம் சொன்னேன். "எப்போ?" என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். கேட்கவில்லை. "மழையா?" என்றார்.

பதில் பார்த்திருக்கும்,
அக்கா


ஏப்ரல் 24

அன்புள்ள அக்கா,

தாமதம். உடம்புக்கு ஒன்றுமில்லை. பேட்ச் ஏழாகிவிட்டது.

கோடு எங்கே தொடங்குகிறது என்று பார். மொத்தக் கணக்கும் அதுதான்.

0.8333… இதில் எட்டு முன்னால் ஒரு முறை வந்துவிட்டுப் போயிற்று. சுழல்வது மூன்று மட்டும். முதலில் எட்டைப் புள்ளிக்கு இந்தப் பக்கம் எடுத்துக்கொள்.

10x = 8.333…

பிறகு வாலை ஒரு இடம் நகர்த்து.

100x = 83.333…

கழி.

90x = 75
x = 75/90 = 5/6

கீழே 90 வந்ததைக் கவனி. சுழல்கிற மூன்றுக்கு ஒன்பது. ஒரு முறை வந்த எட்டுக்குப் பூஜ்யம்.

பூஜ்யம் என்பதால் எட்டு கணக்கில் இல்லை என்று ஆகாது. பிள்ளைகள் இதில் இரண்டு விதமாகச் சறுக்குவார்கள். ஒருவன் உன்னைப் போல எட்டையும் சேர்த்துச் சுழல விடுவான். இன்னொருவன், ஒரு தரம்தானே வந்தது என்று எட்டையே விட்டுவிட்டு மூன்றை மட்டும் பின்னமாக்கிவிட்டு உட்கார்ந்திருப்பான். எட்டு ஒரு முறைதான் வந்தது. ஆனால் அது இல்லாவிட்டால் அந்த எண்ணே வேறு.

இதைச் சொல்லும்போது வகுப்பில் யாரும் எழுதிக்கொள்வதில்லை. பரீட்சையில் வராது என்று அவர்களுக்குத் தெரியும்.

மே மாதம் வரலாம் என்று இருந்தேன். கோடை வகுப்பு வைத்துவிட்டார்கள். முடியாது.

அறைத்தோழன் ஒருவன் இருக்கிறானே, தாடி, இயற்பியல் எடுப்பவன். "வீட்டுக்கே போகாம எப்படிடா இருக்கே?" என்றான். பழகிவிட்டது என்றேன். "எது? போகாம இருக்கறதா, காரணம் சொல்றதா?" என்றான். இயற்பியல்காரர்களுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அப்பா கேட்டால், வருவான் என்று சொல்.

தம்பி


மே 17

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். உன் சுகத்தை நீயாக எழுதினால்தான் உண்டு.

பரீட்சை செப்டம்பர் 14 என்று தபாலில் வந்துவிட்டது. காலையில் தொடங்கி மதியம் தாண்டும். இடம் இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். திரும்பி வரச் சாயங்காலம் ஆகிவிடும். மாடிவீட்டு டெய்லரம்மா அன்றைக்கு அப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறாள். தையல் மிஷினையே கீழே இறக்கி வைத்துக்கொள்வாளாம். நான் வேலைக்குப் போகிற நாளில் இப்போதும் அப்படித்தான் செய்கிறாள். மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டால் அப்பா வண்டி ஸ்டார்ட்டில் இருக்கிறது என்று நினைத்து அமைதியாக இருக்கிறார். நூல் அறுந்து மிஷின் நின்றால் மட்டும் "என்னாச்சு, இறங்கித் தள்ளணுமா?" என்பாராம். "உங்கப்பா என்னை ஒரு நாள் தள்ள வச்சுடுவாரு போல" என்கிறாள்.

பழைய கேள்வித்தாள் ஒன்றை நேரம் வைத்துப் போட்டேன். தேறுவதற்கு ஒன்றிரண்டு மார்க் குறைந்தது. கோட்டுக் கணக்கு சரியாக வந்திருந்தால் கரையேறியிருப்பேன். கை இன்னும் திருந்தவில்லை. இந்த முறை மூன்று இலக்கத்துக்கும் கோடு.

அப்பா காலையிலிருந்து மழையா, சாப்பிட்டாச்சா, மழையா, சாப்பிட்டாச்சா. நான் இல்லப்பா, ஆச்சுப்பா, இல்லப்பா, ஆச்சுப்பா. வெளியிலிருந்து கேட்டால் யாரோ இரண்டு பேர் ஊஞ்சல் ஆடுகிற மாதிரி இருக்கும்.

வெயில் அதிகம். தண்ணீர் குடி.

பதில் பார்த்திருக்கும்,
அக்கா


ஜூன் 4

அன்புள்ள அக்கா,

நலம். நிஜமாகவே நலம். இரண்டு வேளை சாப்பிடுகிறேன்.

கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். அப்பாவின் கேள்விகளில் இரண்டைத்தான் எழுதியிருக்கிறாய். மூன்றாவதை எழுத விட்டுப்போயிற்றா?

வகுப்பில் 0.999… வந்தது. x என்று வைத்து, பத்தால் பெருக்கி, கழித்தால் 9x = 9. x = 1. ஒன்பதுகள் முடிவில்லாமல் போனால் அது ஒன்றேதான். ஒன்றுக்குப் பக்கத்தில் இல்லை. ஒன்று. யாரும் நம்பவில்லை. ஒரு பொடி அளவு குறைகிறது சார் என்றார்கள். எங்கே குறைகிறது, இடத்தைக் காட்டு என்றேன். காட்ட முடியவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "ஒண்ணுன்னா ஒண்ணுன்னே எழுதிட்டுப் போலாமே சார், எதுக்கு இத்தனை ஒன்பது?" என்றாள். மணி அடித்தது.

நீ என்ன நினைக்கிறாய்?

மூன்றாவதைப் பற்றி எழுது.

தம்பி


ஜூலை 10

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ இரண்டு வேளை சாப்பிடுவதாக எழுதியிருப்பதில் பாதியை நம்புகிறேன்.

உடனே எழுத முடியவில்லை. ஆஸ்பத்திரியில் எங்கள் அறையில் ஒருத்தி பிரசவத்துக்குப் போய்விட்டாள். அவள் பங்கும் என் தலையில். சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் கால் செருப்பின் வடிவத்திலேயே இருக்கிறது.

உன் கேள்விக்கு வருகிறேன். 0.999… எங்கே குறைகிறது என்று என்னைக் கேட்டால் எனக்கும் காட்டத் தெரியாது. காட்ட முடியாவிட்டால் இல்லை என்கிறாய். இடத்தைக் காட்ட முடியாத குறை எத்தனையோ இருக்கிறது. நாள் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது, ஆனால் சாப்பிட உட்காரும்போது தெரியும். போகட்டும். நீ ஒன்று என்றால் ஒன்று. பரீட்சையில் அப்படியே எழுதுகிறேன்.

அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார். நன்றாகத் தூங்குகிறார். முன்பு மாதிரி அடிக்கடி எழுந்து போவதில்லை. இப்போது கேட்டைத் திறந்தே வைத்தாலும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. ஒரு விதத்தில் எனக்கு வேலை குறைவு.

நீ நினைத்தால் இனிமேல் போனிலேயே பேசலாம்.

வேறு விசேஷம் இல்லை.

பதில் பார்த்திருக்கும்,
அக்கா


ஆகஸ்ட் 12

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக இருக்கிறாயா? கடிதமும் இல்லை, போனும் இல்லை. கோபமாக எழுதவில்லை. பேட்ச் ஒன்பதாகியிருக்கும்.

டெய்லரம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். கணுக்காலில் கட்டு. அவள் மகன் வந்து தன் ஊருக்குக் கூட்டிப் போய்விட்டான். அக்டோபருக்கு முன்னால் திரும்ப மாட்டாள். கிளம்பும்போது வண்டிக்குள்ளிருந்து, "உன் பரீட்சையில மண்ணைப் போட்டுட்டேனே" என்று அழுதாள். நீங்க எங்க போட்டீங்க, சோப்புதான் போட்டுது என்றேன். அழுதுகொண்டே சிரித்தாள்.

இந்த இரண்டு வாரமாக நான் பாதி நாள்தான் வேலைக்குப் போகிறேன். அந்த நேரத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒருத்தி எட்டிப் பார்க்கிறாள். முழு நாள் அவளால் முடியாது, அவளுக்கும் வேலை இருக்கிறது. சூப்பர்வைசரம்மா, "அன்னிக்கு ஒரு நாள் அப்பாவை வார்டுல சேர்த்துட்டுப் போயேன்" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். பையைக் கொடுத்து டோக்கன் வாங்குகிற மாதிரி இருந்தது எனக்கு.

பரீட்சை இல்லாவிட்டால் என்ன. நின்றே பழகிய கால். நீ இதைப் பற்றி யோசிக்காதே. தகவலுக்காக எழுதினேன்.

இருந்தாலும் கணக்குப் போடுவதை நிறுத்தவில்லை. அது ஒரு பழக்கமாகிவிட்டது. 0.58333… கோடு மூன்றின் மேல் மட்டும். முதலில் நூறால் பெருக்கி ஐந்தையும் எட்டையும் இந்தப் பக்கம் எடுத்துக்கொண்டேன். 100x = 58.333… பிறகு 1000x = 583.333… கழித்தால் 900x = 525. சுருக்கினால் 7/12.

சரியா என்று மட்டும் எழுது.

அக்கா


ஆகஸ்ட் 29

அன்புள்ள அக்கா,

சரி. 7/12. வழியும் சரி. கோட்டைச் சரியான இடத்தில் தொடங்கியிருக்கிறாய்.

நான் நலம்.

போன் செய்ய எடுத்தேன். உன் எண் வரைக்கும் போனேன். வைத்துவிட்டேன். என் குரல் கேட்கும், அவர் எழுந்திருக்க மாட்டார் என்று தெரிந்துகொண்டு என்ன பேசுவது.

பதினான்காம் தேதி காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்குவேன். அன்றைக்கே திரும்ப வேண்டும். நீ பரீட்சைக்குப் போ. என் வகுப்புகளைத் தாடி எடுக்கிறேன் என்றிருக்கிறான். கணக்கையும் இயற்பியல் மாதிரி கையை ஆட்டி ஆட்டி எடுப்பான். ஒரு நாள்தானே, பிள்ளைகள் பிழைத்துக்கொள்வார்கள்.

நான் வருகிறேன் என்று அப்பாவிடம் சொல்ல வேண்டாம். சொன்னாலும்.

தம்பி


செப்டம்பர் 20

அன்புள்ள அக்கா,

வந்து சேர்ந்தேன். உடம்பு நலம். களைப்பு மட்டும் இறங்கவில்லை.

அன்றைக்குக் காலையில் நீ ஈரத் தலையோடு பேனாவை வாயில் கவ்விக்கொண்டு ஓடினாய். சாயங்காலம் நீ நுழைய, நான் பையோடு நின்றேன். "எப்படி எழுதினே?" "கை வலிக்குது. அப்பா?" "சாப்பிட்டார்." அவ்வளவுதான் பேசினோம். மிச்சத்தை எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்று. போன வருடம் நான் வந்தபோது நீ மருந்துக் கடைக்குப் போயிருந்தாய். அப்பாதான் கேட்டைத் திறந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாரு வேணும்?" என்றார். நீ திரும்பி வரும்வரை வாசலிலேயே நின்றிருந்தேன். இப்போதுதான் வந்தேன் என்று உன்னிடம் சொன்னேன். அவர் காத்திருந்த சின்னவனுக்குக் கண்ணாடி கிடையாது, முன்வழுக்கை கிடையாது. போனில் குரலுக்கு எழுந்தார். உன் கடிதத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார். அது எனக்குப் போதுமாக இருந்தது. தூரத்தில் இருக்கும்வரை நான் எதிர்பார்க்கப்படுகிற ஆள்.

பதினான்காம் தேதி. நீ போனதும் கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே வந்தேன். ஜன்னலோர நாற்காலியில் அப்பா. இரண்டு கையும் மடியில், ஸ்டியரிங் பிடித்த மாதிரி.

"யாரு?"

"கணக்கு வாத்தியார்." பொய் இல்லை.

"உக்காருங்க. மழையா?"

"இல்லைங்க."

"சாப்பிட்டாச்சா?"

"ஆச்சுங்க."

மூன்றாவதுக்காகக் காத்திருந்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். "மழையா?" என்றார்.

மாடியில் மிஷின் சத்தம் இல்லை. அவ்வப்போது மேலே அண்ணாந்து பார்த்தார். நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். நீ எடுத்து வைத்திருந்த சாப்பாட்டைக் கொடுத்தேன். வாயைத் துடைத்துவிட்டேன். "ரொம்ப நன்றிங்க" என்றார். அப்பா எனக்கு நன்றி சொல்லி அதுவரை கேட்டதில்லை. எழுந்து தட்டைக் கழுவினேன். கழுவிய தட்டையே இன்னொரு முறை கழுவினேன்.

திரும்பி வந்து உட்கார்ந்து, ஏன் என்று தெரியவில்லை, நானே கேட்டேன்.

"சின்னவன் வந்துட்டானா?"

அப்பா கேட் பக்கம் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார்.

"இன்னும் இல்ல. வருவான். நீங்க உக்காருங்க."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டேன். கேட்டைப் பார்த்தார். இன்னும் இல்ல, வருவான், நீங்க உக்காருங்க. மறுபடி கேட்டேன். அதே பதில். அதே குரல். ஒரு இடத்தில்கூடச் சலிப்பில்லை. இத்தனை நாள் நீ அவருக்குச் சொல்லிவந்ததை அவர் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். வெயில் சுவரிலிருந்து தரைக்கு வந்துவிட்டது. நான் நிறுத்தவில்லை.

ஒரு முறை மட்டும் பதிலோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னார். என் பக்கம் குனிந்து, வீட்டில் யாரோ தூங்குகிற மாதிரி மெதுவாக.

"வரும்போது களைச்சுப்போய் வருவான். ஒண்ணும் கேக்காதீங்க."

அதன் பிறகும் கேட்டுப் பார்த்தேன். இன்னும் இல்ல, வருவான். அதோடு சரி. அந்த வாக்கியம் திரும்ப வரவில்லை.

ஒரு முறைதான்.

பரீட்சையைப் பற்றி எழுது.

தம்பி


நவம்பர் 2

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அப்பாவும் நலம். இந்தத் தடவை நிஜமாகவே.

தேறிவிட்டேன். ஊரைக் கூட்டிச் சொல்கிற மார்க் இல்லை. கரையில் கை வைத்து ஏறிக்கொண்ட மாதிரி. நம்முடைய கணக்கு வந்திருந்தது. 0.41666… கேள்வித்தாளில் கோடு ஆறின் மேல் மட்டும் சின்னதாக இருந்தது. பழைய கை உடனே 999 என்று எழுதப் பார்த்தது. நாலையும் ஒன்றையும் விரலால் மூடிவிட்டு ஆறை மட்டும் பார்த்தேன். பிறகு விரலை எடுத்து அவற்றையும் பார்த்தேன். 900x = 375. x = 5/12. அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டேன்.

செய்தி தெரிந்ததும் சூப்பர்வைசரம்மா, "ஏண்டி, இனிமே உன்னை வாங்க போங்கன்னு கூப்பிடணுமா?" என்றாள். "கூப்பிடுங்களேன், வாய் என்ன தேஞ்சா போயிடும்?" என்றேன். அடுத்த மாதத்திலிருந்து எனக்கு நாற்காலி. டெய்லரம்மாவும் தாங்கித் தாங்கி நடந்து வந்து சேர்ந்துவிட்டாள். மிஷின் கீழேதான் ஓடுகிறது.

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. நீ போன மறுநாள் காலை அப்பாவுக்கு முகம் கழுவிவிட்டுக்கொண்டிருந்தேன். "மழையா?" இல்லப்பா. "சாப்பிட்டாச்சா?" ஆச்சுப்பா. மறுபடி மழைக்குப் பதில் சொல்ல நான் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன், அவர் கேட்டைப் பார்த்தார்.

"அந்தக் கணக்கு வாத்தியார் வரலையா?"

உடனே உனக்கு எழுத உட்கார்ந்தேன். முதல் வரியோடு நிறுத்திவிட்டேன். ஒரு தரம் வந்துவிட்டுப் போவதா, சுழல்வதா என்று தெரியாமல் கோட்டை இழுக்கக் கூடாது. இதை நீதானே ஏப்ரல் கடிதம் முழுக்க என் தலையில் குட்டினாய். அதனால் எழுதாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் கேட்டார். மறுநாள் கேட்கவில்லை. சரி, ஒரு தரம் வந்ததுதான் என்று இருந்துவிட்டேன். அடுத்த நாள் கேட்டார். மழை பெய்த அன்று மழையைக் கேட்காமல் இதைக் கேட்டார். இப்போது டெய்லரம்மாவிடமும் கேட்கிறார். "யாரு அந்த வாத்தியாரு? நானும் ரெண்டு கணக்கு கத்துக்கலாம்போல" என்கிறாள் அவள்.

மழையா, சாப்பிட்டாச்சா, அந்தக் கணக்கு வாத்தியார் வரலையா. மறுபடி மூன்று. நேற்றுத்தான் கோடு போட்டேன்.

மார்ச்சிலிருந்து உனக்கு எழுதியதையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். ஒன்றிலும் உன்னை வா என்று நான் எழுதவில்லை. அப்பாதான் கேட்டுக்கொண்டே இருக்கிறாரே, நான் வேறு எதற்கு என்று இருந்துவிட்டேன்.

களைத்துப்போய் வந்தாலும் பரவாயில்லை. ஒன்றும் கேட்க மாட்டேன்.

இதற்குப் பதில் எழுதாதே. வா.

அக்கா